ஓடாத நாற்பத்திரண்டு உதாரணங்கள்

'பதினோரு சோதனை. பதினொன்றும் தேறியது.'

அந்த வரியைத் திரையில் குறைந்தது ஐந்நூறு முறை பார்த்திருப்பேன். போர்ட் பிளேயரில், ஹேடோ வார்ஃபைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் மாடி அலுவலகத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால்தான் அதை முழுதாகப் படித்தேன். அதுவரை 'தேறியது' என்ற சொல்லை மட்டுமே பார்த்துவந்திருக்கிறேன். 'பதினொன்று' கண்ணில் பட்டதே இல்லை. நான் ஒருத்தி எழுதியதே நாற்பதுக்கு மேல் இருக்குமே, மிச்சமெல்லாம் எங்கே போயிற்று என்ற எண்ணம் அந்த நிமிஷம்தான் வந்தது. வந்த வேகத்தில் பசி போய்விட்டது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நான் ரிட்டையர் ஆகி மூன்று வாரம் ஆகிறது. வயது முப்பது. எங்கள் அலுவலகத்தில் வேலையை விட்டு யார் போனாலும் அதற்கு ரிட்டையர்மென்ட் என்றுதான் பெயர். சால்வை உண்டு, மாலை உண்டு, வராத கண்ணீரைத் துடைத்துக்கொண்டு பேசும் ஒரு பேச்சும் உண்டு. சால்வையோடு எடுத்த படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். "பென்ஷன் உண்டா புள்ள?" என்று பதில் வந்தது.

எனக்குப் பின்னால் சேர்ந்த இருவர் போன வாரம் ஃபோனில் ஒரு சந்தேகம் கேட்டார்கள். "அக்கா, எல்லா ஃபைல் தலையிலயும் ஒரே மாதிரி ஒரு வரி போட்டிருக்கீங்களே, அது எதுக்கு? எடுத்துப் பார்த்தோம். சோதனை இன்னும் ஓட்டல, ஆனா எடுத்தாலும் ப்ரோக்ராம் நல்லா ஓடுது."

ஓடும். அதுதான் வம்பு. "முதல்ல அதைத் திரும்பப் போடுங்க, எழுதி அனுப்புறேன்" என்றேன். எழுத உட்கார்ந்தால் ஏழு வருட வேலையும் சேர்ந்து வந்துவிட்டது.

படித்த கதை சிறியது. அப்பாவும் அம்மாவும் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். நான் சென்னையில் கம்ப்யூட்டர் படித்தேன். மேன்லாண்டிலேயே வேலையும் கிடைத்தது. ஒரே வருடத்தில் சலித்துப்போய்க் கப்பலேறித் திரும்பிவிட்டேன். போர்ட் பிளேயரில் ப்ரோக்ராம் எழுதும் வேலைக்கு ஆள் தேடிய ஒரே இடம் அப்போது இதுதான்.

அங்கே செய்த வேலையைச் சொல்கிறேன். தீவுத் தீவாக அரிசி, சிமென்ட், கேஸ் சிலிண்டர் கொண்டுபோகும் பார்ஜ்களுக்கு, எந்த ஜெட்டியில் எந்த மணிக்கு எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கணக்குப் போட்டு அட்டவணை கொடுப்பது. அட்டவணையில் இரண்டு மீட்டர் என்று இருந்தால், பார்ஜை ஓட்டும் செராங் அதை நம்பி உள்ளே வருவார். தண்ணீர் அதற்குக் குறைவாக இருந்தால் அடி மணலில் உட்காரும்.

அலுவலகத் தலைமை பார்வதி மேடம். ராமநாதபுரத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்தது போர்ட் பிளேயரின் டாலிகஞ்ச். குரலை உயர்த்தியே பார்த்ததில்லை. தப்பு செய்தவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ம், ஓட்டிக் காட்டு" என்பார். அந்த மூன்று சொல்லுக்குத் திட்டே தேவலாம்.

அவரிடம் மூன்று சட்டங்கள் இருந்தன. பைத்தானில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் தலையில் விளக்கம் எழுதலாம் அல்லவா, அந்த விளக்கத்துக்குள் ஓர் உதாரணம் இருந்தே ஆக வேண்டும்: இப்படிக் கேட்டால் இந்த விடை வரும் என்று. சோதனைக் கருவி பிறகு விளக்கங்களைத் திறந்து, ஒவ்வொரு உதாரணத்தையும் ஓட்டி, எழுதிய விடையும் வந்த விடையும் ஒன்றா என்று பார்க்கும். இது முதல் சட்டம். உதாரணம் உள்ளே மட்டும் ஓடும் ஃபங்ஷனின் விளக்கத்தில் இருந்தாலும், கேள்வியை வெளியிலிருந்து கூப்பிடும் ஃபங்ஷன் வழியாகத்தான் கேட்க வேண்டும் என்பது இரண்டாவது. "செராங் உன் உள்ரூமுக்கு வந்து கேக்கமாட்டார். வாசல்ல நின்னுதான் கேப்பார். நீயும் வாசல்ல நின்னு கேளு."

மூன்றாவதுதான் எங்கள் அலுவலகத்துக்கே உரியது. விடையை ப்ரோக்ராமிலிருந்து எடுத்து எழுதக் கூடாது. ஜெட்டிக்குப் போய், அளவுக் கம்பத்தைப் பார்த்து, பார்த்தவர் பெயரோடு எழுத வேண்டும். முதல் மாதம் முழுக்க மின்னி பே ஜெட்டியில், கடலுக்குள் நட்ட ஒரு கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு குடை கிழிந்தது.

தூரத்துத் தீவுகளுக்கு நாங்கள் எப்போதும் போக முடியாது. அங்கே செராங்குகளைக் கேட்போம். முனியசாமி செராங் அப்படித்தான் அறிமுகம். ஐம்பது வயது இருக்கும், ராமேஸ்வரம் பக்கம், பேச்சில் பாதி தமிழ் பாதி இந்தி. ஒரு சின்னத் தீவின் ஜெட்டியில் அவரோடு நின்று அளவு எடுத்தது நினைவிருக்கிறது.

"எழுதிக்க தங்கச்சி. ஏத்தத் தண்ணி, காலைல ஒம்பதே முக்கால். ஒன்றரை மீட்டருக்கு நாலு விரக்கடை கம்மி."

"விரக்கடைன்னா எத்தனை சென்டிமீட்டர் அண்ணே?"

"விரலத்தான் பாரேன், கூடவே கொண்டாந்திருக்கேன்" என்று கையை நீட்டினார். நான் ஸ்கேலை வைத்து அளந்தேன். ஏழரை வந்தது. "அரே, ஆஸ்பத்திரில கூட இப்படி அளக்கலியே" என்றார். ஏறும் தண்ணீரைக் கணக்கிடும் ஃபங்ஷனின் விளக்கத்தில் உதாரணம் எழுதினேன்: அந்த நாள், அந்த நேரம், அந்த ஜெட்டியில் ப்ரோக்ராம் சொல்லும் தண்ணீர் செராங் பார்த்ததைவிட அதிகமாகாமல் இருக்கிறதா? விடை: ஆம். பக்கத்தில் குறிப்பு: முனியசாமி செராங், நாலு விரல் குறைவு.

இரண்டு வருடம் கழித்து எனக்கு வேகப் பைத்தியம் பிடித்தது. ஜெட்டி ஆபீஸ்களில் இருந்த பழைய கம்ப்யூட்டர்களில் ஒரு மாத அட்டவணை வர ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம் ஆகும். பைத்தானில் எழுதியதைச் சி மொழியாக்கிக் கம்பைல் செய்தால் கண்ணிமைக்கும் நேரம் போதும். இரண்டு வாரம் உட்கார்ந்து மாற்றினேன். வெளியிலிருந்து கூப்பிடும் ஃபங்ஷன்களை அப்படியே விட்டேன். உள்ளே மட்டும் ஓடுகிறவற்றை முழுக்கச் சி ஃபங்ஷன்களாக்கினேன். வகுத்தலையும் சி முறையிலேயே செய், இன்னும் வேகம் என்று ஒரு செட்டிங் இருந்தது. டீஃபால்ட்டாக அது அணைந்திருக்கும். நான் போட்டுவிட்டேன்.

சோதனையை ஓட்டினேன். தேறியது என்று வந்தது. வழக்கம்போல அச்செடுத்து மேடத்திடம் கொடுத்தேன். சிவப்புப் பேனாவால் டிக் போட்டார். என்னோடு வேலை பார்த்த தபன், டாலிகஞ்சிலிருந்து பஸ் பிடித்துத் தினமும் தாமதமாக வரும் வங்காளிப் பையன், என் மேஜையில் ஒரு சமோசாவை வைத்து, "ராக்கெட் விட்டுட்டே, சுகந்தி" என்றான். பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பையன்களோடு சண்டை போட்டுக் கற்ற தமிழ் அவனுடையது.

எட்டு மாதம் எல்லாரும் சந்தோஷமாக இருந்தோம்.

அதன் பிறகுதான் முனியசாமி செராங்கின் பார்ஜ் அதே சின்ன ஜெட்டியில் தரைதட்டியது. காலை பத்து மணி, நல்ல வெயில், ஏறும் தண்ணீர். அரிசி மூட்டைகளும் இரண்டு ஃப்ரிட்ஜும் ஏற்றியிருந்தார். ஜெட்டியின் அளவுக் கம்பத்தை அதற்கு முந்தைய மாதம் ஏதோ படகு இடித்துச் சாய்த்திருந்ததால், அட்டவணையை மட்டுமே நம்பி வந்தார். யாருக்கும் காயமில்லை. ப்ரொப்பெல்லர் வளைந்தது.

விசாரணை வந்தது. அட்டவணைப்படி தண்ணீர் போதுமா என்று எங்களைக் கேட்டார்கள். போதும், எங்கள் சோதனைகள் அனைத்தும் தேறியவை என்று மேடம் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்தார். அப்படியானால் செராங் வழி தவறி மணல்மேட்டில் ஏற்றிவிட்டார் என்றுதானே அர்த்தம். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு வாரத்தில் முடிவு. முடிவு எதிராக வந்தால் இனி பார்ஜ் ஓட்ட முடியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். கோபமாக இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"தங்கச்சி, நான் சண்டைக்கு வரல. ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். பேப்பர்ல இருந்த தண்ணி கடல்ல இல்ல."

"வழி கொஞ்சம் விலகியிருக்குமோ அண்ணே?"

"இருபத்தாறு வருஷமா அதே வழி. கண்ணக் கட்டி விடு, போயிட்டு வாரேன்." தலையைச் சொறிந்தார். "தமாஷா ஒண்ணு கேளு. ஒரு மணி நேரத்துல பார்ஜ் தானா மெதந்துருச்சு. யாரும் இழுக்கல. நீங்க சொன்ன தண்ணி வந்துச்சு. அவ்வளவுதான், லேட்டா வந்துச்சு."

அவர் படியிறங்கிப் போன பிறகும் அந்த 'லேட்டா வந்துச்சு' காதிலேயே நின்றது. எங்கள் அட்டவணையில் நேரம் ஒரு மணி ஒரு மணியாகத்தான் கட்டம் கட்டியிருக்கும். தண்ணீர் தப்பு என்றால் எதையும் சொல்லலாம். சரியாக ஒரு மணி நேரம் தாமதம் என்றால் அது ஒரு கட்டம் தள்ளிப் படித்த கணக்கு. கடலுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ப்ரோக்ராமுக்கு உண்டு. உடனே சோதனையை ஓட்டினேன். பதினொன்று. பதினொன்றும் தேறியது.

ஃபைல்களைத் திறந்து உதாரணங்களைக் கையால் எண்ணினேன். ஐம்பத்து மூன்று இருந்தன.

மதியம் முழுக்கக் கம்பைலரின் கையேட்டைப் படித்தேன், எட்டு மாதத்துக்கு முன்னால் படித்திருக்க வேண்டியதை. சாதாரணப் பைத்தான் ஃபைலில் சோதனைக் கருவி தானே ஒவ்வொரு விளக்கமாகத் திறந்து உதாரணத்தைத் தேடி எடுத்துவிடும். கம்பைல் ஆன ஃபைலுக்குள் அதனால் அப்படித் தேட முடியாது. அதனால் கம்பைலரே உதாரணங்களைப் பொறுக்கி, ஒரு பட்டியலாகக் கட்டி, கருவியின் கண்ணில் படும்படி வைத்துவிடுகிறது. நாம் கேட்காமலே நடக்கும் டீஃபால்ட் இது, நல்ல டீஃபால்ட். ஆனால் வெளியே தெரியும் ஃபங்ஷன்களின் உதாரணங்கள் மட்டும்தான் பட்டியலில் சேரும். உள்ளே மட்டும் ஓடும் சி ஃபங்ஷன்களின் உதாரணங்களும் வேண்டும் என்றால் ஃபைலின் தலையில் ஒரு வரி எழுதிக் கேட்க வேண்டும். அந்தச் செட்டிங் டீஃபால்ட்டாக அணைந்திருக்கும்.

கம்பைலர் மேல் எனக்குக் கோபமில்லை. உள் ஃபங்ஷனை வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. அப்படிக் கூப்பிடும் உதாரணம் எப்படியும் தேறாது. அதனால் சேர்க்காமல் விடுவதுதான் எல்லாருக்கும் சௌகரியம். எங்களுக்குத்தான் அது பொருந்தாது. உள் ஃபங்ஷனின் விளக்கத்தில் எழுதி, வாசலில் நின்று கேட்கும் உதாரணம் எங்களுடையது. ஓட்டினால் ஓடும். யாரும் ஓட்டவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஒரு வரியை எழுதினேன். மறுபடி கம்பைல் செய்தேன். ஐம்பத்து மூன்று ஓடின. ஏழு தேறவில்லை. ஏழும் ஏறும் தண்ணீர். முதலில் நின்ற குறிப்பு: முனியசாமி செராங், நாலு விரல் குறைவு. 'ஆம்' வர வேண்டிய இடத்தில் 'இல்லை'.

காரணம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. நிறைதண்ணீர் நேரத்தைப் பூஜ்யமாக வைத்து, அதற்கு முந்தைய நிமிடங்களை மைனஸில் எண்ணுவோம். மைனஸ் எழுபதை அறுபதால் வகுத்தால் பைத்தான் கீழே இறங்கி மைனஸ் இரண்டு என்னும், சி பூஜ்யத்தின் பக்கம் ஏறி மைனஸ் ஒன்று என்னும். பைத்தான் கணக்கில் முந்தைய கட்டத்தின் குறைந்த தண்ணீர் கிடைக்கும், அதாவது பத்திரமான பக்கம். சி கணக்கில் அடுத்த கட்டத்தின் தண்ணீர், இன்னும் வந்து சேராதது. இறங்கும் தண்ணீரில் மைனஸே இல்லை, அதனால் அங்கே எல்லாம் ஒழுங்கு. சுருக்கமாகச் சொன்னால், அணைந்திருந்த ஒரு செட்டிங்கை வேகத்துக்காகப் போட்டேன். அணைந்திருந்த இன்னொன்று இருப்பதே தெரியாமல் விட்டேன். முதலாவது தப்பைச் செய்தது, இரண்டாவது அதை மூடி வைத்தது. இரண்டுக்கும் நடுவில் நான்.

தபன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். விசில் அடிக்கப் போய் நிறுத்தினான்.

"சுப்சாப், சத்தமில்லாம திருத்திடு. புது வெர்ஷன்னு அனுப்பு. யார் கேப்பாங்க?"

"செராங்?"

"அவருக்கு வேற ஏதாவது…" என்று இழுத்தான். முடிக்கவில்லை. "நஹி. சரி. போய்ச் சொல்லு. நான் வேணா கூட வரேன், கதவு வரைக்கும்."

அரை டீ குடிக்கும் நேரம் யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பிறகு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன். தபன் சொன்னபடியே கதவு வரை வந்தான்.

சொல்லி முடித்ததும் மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டார். "ம், ஓட்டிக் காட்டு."

காட்டினேன். அவர் அலமாரியைத் திறந்து எட்டு மாதத்துக்கு முந்தைய அச்சுத்தாளை எடுத்தார். 'பதினொன்று' என்ற எழுத்துக்குப் பக்கத்திலேயே அவருடைய சிவப்பு டிக் இருந்தது. அந்த எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"நீ எண்ணல. சரி. நானும் எண்ணல" என்றார். "நீ சின்னப் பொண்ணு, வேகமா போவே. நிறுத்திப் பாக்கத்தான எனக்குச் சம்பளம்."

"மேடம், தப்பு என்னோடது."

"யாரு இல்லைன்னா? உனக்குப் பாதி, எனக்குப் பாதி. பங்கு சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். மொதல்ல எல்லா ஜெட்டிக்கும் போன் போட்டு, இந்த அட்டவணையைப் பாக்காதீங்கன்னு சொல்லு. அப்புறம் அந்தக் கடுதாசியத் திரும்ப வாங்கணும்."

அன்று மாலைக்குள் ஒவ்வொரு ஜெட்டியாகக் கூப்பிட்டு, 'எங்கள் அட்டவணை தப்பு' என்று நானே சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர், "இப்பத்தான் தெரியுமா?" என்று கேட்டார்.

இரண்டு நாள் கழித்து விசாரணை அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, ஓரத்தில் இஸ்திரி போட்ட சட்டையில் செராங். அதிகாரிக்குத் தமிழ் பாதி புரியும், மீதிக்கு இந்தி. லேப்டாப்பைத் திருப்பி வைத்து, முதலில் பழையபடி ஓட்டினேன்: பதினொன்று. பிறகு அந்த ஒரு வரியோடு: ஐம்பத்து மூன்று, ஏழு தோல்வி. தோற்றதில் முதலாவதன் குறிப்பைப் படித்துக் காட்டினேன்.

அதிகாரி செராங்கைப் பார்த்தார். "மத்லப், அதாவது, இவர் மூணு வருஷம் முன்னாடியே சொன்னாரா?"

"ஆமா சார். சொன்னார், எழுதிக்கிட்டோம். எட்டு மாசமா அதைக் கேக்காம விட்டுட்டோம்."

"அப்போ மெஷின் தப்பா, ஆள் தப்பா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் சொன்னார்: "ஆள் தப்புதான் சார். இந்த ஆள் இல்ல, நாங்க." பழைய கடிதத்தை வாங்கி, தன் கையெழுத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, புதிய கடிதத்தை வைத்தார்.

அடுத்த வாரம் லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது. எனக்கு மெமோ கிடைத்தது. மேடம் தனக்கும் ஒன்று அடித்துக்கொண்டு இரண்டையும் ஒரே ஃபைலில் போட்டார்.

அதன் பிறகு வந்தவைதான், ஃபோன் செய்த நீங்கள் இருவரும் இன்று பார்க்கும் பழக்கங்கள். எல்லா ஃபைலின் தலையிலும் அந்த ஒரு வரி. சோதனை ஓடியதும் இரண்டு எண்கள்: எழுதியிருப்பது எத்தனை, ஓடியது எத்தனை. இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால், ஓடியவை எல்லாம் தேறியிருந்தாலும் மொத்தமும் தோல்வி. அச்சுத்தாளில் மேடம் இப்போது டிக் போடுவதில்லை. அந்த இரண்டு எண்களையும் கையால் எழுதுகிறார். உங்களையும் எழுதச் சொல்வார், சலித்துக்கொள்ளாதீர்கள்.

இதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். முடிக்கவிடாதவர் செராங். லைசென்ஸ் வந்த சந்தோஷத்தில் நண்டு வாங்கிக்கொண்டு வந்தவரிடம் நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

"அதெல்லாம் கெடக்கட்டும் தங்கச்சி. நீ மறைக்காம சொன்னே, அது போதும். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. நான் சொன்ன கணக்கு உன் பொட்டிக்குள்ள ஓடுதா தூங்குதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"இப்ப ரெண்டு நம்பர் வருது அண்ணே."

"எங்க வருது? உன் மாடிலதான? நான் மாடிலயா பார்ஜ் ஓட்டுறேன்?"

அந்தக் கேள்விதான் என்னை ரிட்டையர் ஆக்கியது. "இங்க இருந்தே பண்ணேன்" என்று மேடம் சொல்லிப் பார்த்தார். ஆனால் இது ஜெட்டிகளில் தங்கிச் செய்ய வேண்டிய வேலை. மாடியிலிருந்து ஆகாது.

செய்யப்போவது உள்ளங்கை அளவு ஒரு பெட்டி. ஜெட்டி ஆபீஸ் சுவரில் மாட்டுவது. நெட்வொர்க் தேவையில்லை, தூரத்துத் தீவுகளில் அதை நம்பவும் முடியாது. தினமும் காலையில் அது அந்த ஜெட்டியின் உதாரணங்களை ஓட்டி, யார் எப்போது பார்த்த தண்ணீர், இன்று கேட்கப்பட்டதா, ஒத்துப்போனதா என்று தமிழிலும் இந்தியிலும் வரிசையாகக் காட்டும். ஏதாவது ஒன்று கேட்கப்படாமல் விடுபட்டால் மணி அடிக்கும். செராங் தன் பெயரைத் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். புதிய அளவைச் சேர்க்கவும் அவராலேயே முடியும், விரற்கடையிலும் சொல்லலாம். சின்னச் சிப்பில் கம்பைல் செய்ய வேண்டியிருப்பதால் செட்டிங்குகளை எல்லாம் முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த முறை கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்தாயிற்று. டீஃபால்ட்டில் விட்ட ஒவ்வொன்றுக்கும் ஏன் விட்டேன் என்று ஒரு வரி எழுதியும் வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமைக் கப்பலில் இடம் கிடைத்திருக்கிறது. சாய்ந்த கம்பத்துக்குப் பதில் புதுக் கம்பம், இரண்டு டப்பா பெயின்ட், மூன்று பெட்டிகள். அந்தச் சின்ன ஜெட்டியில் முனியசாமி செராங் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். முதல் நாள் காலை அவர் சொல்லும் அளவைச் சரியாகப் பதிந்துகொள்வேன். அப்புறம் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த ஒரு வரியை நானே எடுத்துவிட்டுக் கம்பைல் செய்து பெட்டியை ஓட்டப்போகிறேன், மணி அடிக்கிறதா என்று கேட்க.